எதற்கும் ஒரு விலை உண்டா? ஒரு பேஸ் கிடார் கணக்கு

பேஸ் கிடார் வாசிக்கும் யாரையாவது பிடித்து, "உங்களிடம் எத்தனை கிடார் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு என்பார், ஆறு என்பார். "இதுவரை எத்தனை விற்றிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார், பாதியில் கணக்கு விட்டுப்போகும். கடைசியாக, பெயின்ட் உரிந்து ஓரமெல்லாம் மரம் தெரிய மூலையில் நிற்கிறதே ஒன்று, அதைக் காட்டி, "இதை என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று கேளுங்கள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவரின் முகம் மாறிவிடும்.

"அது மட்டும் விற்பனைக்கு இல்லை."

இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் இதே பதில். மூன்று மடங்கு என்றால் சந்தேகமாகப் பார்ப்பார். பதில் மாறாது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எதற்கும் ஒரு விலை உண்டு, விலை சரியாக வந்தால் விற்பவர் விற்பார் என்பதுதான் பாடம். அந்தப் பாடத்தின்படி இந்தக் கலைஞர்கள் எல்லாரும் கொஞ்சம் மறை கழன்றவர்கள் :-) 'சென்டிமென்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் அது அவசர முடிவு. அதே கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாலே, விற்க மறுக்கும் ஆள்தான் சரியாகக் கணக்குப் போடுகிறார் என்று தெரியும்.

முதலில், தெரியாதவர்களுக்காக. பேஸ் கிடாரில் பொதுவாக நான்கு தடித்த தந்திகள். சாதாரண கிடாரை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பாட்டில் அது தனியாகக் காதில் விழாது. ஆனால் அதை மட்டும் எடுத்துவிட்டால் பாட்டு படுத்துவிடும். இளையராஜா பாடல்களை நல்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1951-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன் இந்த வேலையைச் செய்தது ஆள் உயர டபுள் பேஸ். அதில் மெட்டு கிடையாது (வீணையில் குறுக்கே வரிசையாக இருக்குமே, அந்த மெட்டுதான்). ஃபெண்டர் மெட்டு வைத்தார், சுரம் துல்லியமாக விழுந்தது. 'பிரிசிஷன்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். 1960-ல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. இரண்டுமே தொழிற்சாலைச் சரக்கு. உடலோடு கழுத்தை நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் மாதிரி ஒரு பெரிய ஆசாரி பார்த்துப் பார்த்து இழைத்த பொருள் என்று இதைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் செய்து விற்றது.

அப்படியானால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆயிரத்தில் ஒன்றை விற்றுவிட்டு அதே மாதிரி இன்னொன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஏன் முடியாது என்கிறார்கள்?

பொருளாதாரக்காரர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு மிகவும் பிரபலம். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் சிலருக்குக் காபி குவளையைக் கொடுத்துவிட்டார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. குவளை கையில் இருந்தவர்கள் விற்பதற்குக் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு பொருள் நம் கைக்கு வந்தவுடனேயே அதன் மதிப்பு நம் கண்ணுக்கு ஏறிவிடுகிறது என்பது இதன் சாரம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பாட்டிமார்கள் எப்போதோ சொன்னதுதான்!

ஆக, பேஸ் கிடார்காரருக்கு வந்திருப்பதும் இந்தக் குவளை நோய்தானா?

இல்லை என்று சொல்ல ஒரு வலுவான காரணம் உண்டு. ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார நிபுணர், விளையாட்டு வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்கும் சந்தைக்கே போய் ஆராய்ந்து 2003-ல் எழுதினார். புதிதாக வந்தவர்களிடம் இந்த மயக்கம் நன்றாகத் தெரிந்தது. வாங்கி விற்றுப் பழகியவர்களிடம் அநேகமாக இல்லை. இப்போது நம் பேஸ் கிடார்காரரைப் பாருங்கள். வாங்குவதும் விற்பதும் மாற்றிக்கொள்வதும் அவருக்குப் பொழுதுபோக்கு மாதிரி. சந்தை விலை அவருக்கு அத்துப்படி. கையில் இருப்பதெல்லாம் பொன் குஞ்சு என்ற மயக்கம் இருந்தால் அவர் எதையுமே விற்றிருக்க மாட்டார். ஆனால் பத்தை விற்றிருக்கிறார். ஒன்றை மட்டும் விற்க மறுக்கிறார். அந்த ஒன்றில் வேறு ஏதோ இருக்கிறது.

அந்த வேறு ஏதோ என்ன என்பதற்கு இரண்டு ஆட்களைப் பார்க்கலாம்.

முதல் ஆள் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக 1960-களில் வாசித்தவர். அந்த நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றில் அடியில் ஓடுவது இவருடைய கைதான். 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு வரும் வரைக்கும் உறையில் இந்த வாத்தியக்காரர்களின் பெயரைப் போட்டதில்லை என்பது தனிக்கதை. ஜேமர்சனிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். 'ஃபங்க் மெஷின்' என்று அதற்குப் பெயர். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். தடித்த, வழுவழுப்பான தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பாலத்தின் மூடிக்கு அடியில் நுரைப் பஞ்சு. அதனால் ஒலி நீளாமல் 'தும்' என்று விழுந்து நிற்கும். ஒரு விரலின் பலம், பழைய தந்தியின் மந்தம், பஞ்சின் அழுத்தம் எல்லாம் சேர்ந்த ஒலி அது. இதில் எது ஃபெண்டர் விற்றது, எது ஜேமர்சன் சேர்த்தது என்று பிரித்து பில் போட முடியாது.

இரண்டாவது ஆள் ஜாகோ பாஸ்டோரியஸ். அவரிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். அதன் மெட்டுகளை எல்லாம் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசிவிட்டார். முறுக்குக் கம்பித் தந்தி மரத்தை அரித்துவிடாமல் இருக்க அந்தப் பூச்சு. மெட்டு போய்விட்டால் விரலை வைக்கும் இடம்தான் சுரம். ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் அபஸ்வரம். வயலின்காரர்களுக்கும் சித்திரவீணைக்காரர்களுக்கும் இந்த அவஸ்தை தெரியும். கழுத்தின் அகலம், பருமன், எடை சாயும் பக்கம் எல்லாவற்றையும் கை மனப்பாடம் செய்தாக வேண்டும். 1976-ல் வந்த ஜாகோவின் முதல் இசைத்தட்டும், 1977-ல் வெதர் ரிப்போர்ட் குழுவோடு செய்த 'ஹெவி வெதர்' தட்டும் இந்தக் கருவியில் பிறந்தவை.

இந்த இரண்டையும் பார்த்தால் ஒன்று விளங்கும். தொழிற்சாலையில் இருந்து வந்தது பாதிப் பொருள். மீதிப் பாதியைப் பத்து இருபது வருடம் உட்கார்ந்து வாசித்தவர் செய்திருக்கிறார். கடையில் திரும்ப வாங்க முடிவது முதல் பாதியை மட்டும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ரஷ் குழுவின் ஜெடி லீ தன் கறுப்பு நிற 1972 ஜாஸ் பேஸை மிஷிகன் மாநிலம் கலமசூ ஊரில் ஒரு அடகுக்கடையில் 200 டாலருக்கு வாங்கினார். நேர்கோட்டு முறையில் பத்து வருடத்துக்குத் தேய்மானம் போட்டால் வருடத்துக்கு 20 டாலர். பத்தாம் வருட முடிவில் ஏட்டு மதிப்பு பூஜ்யம். ஆனால் அதற்கப்புறமும் பல வருடங்கள் அவருக்கு முதல் பேஸ் அதுதான். ஏடு சொல்வதும் மேடை சொல்வதும் ஒத்துப்போகவில்லை.

இந்தியக் கணக்கியல் தரம் 28-ஐப் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு வழி ஞாபகம் வரும். ஒரு சொத்தில் இருந்து மீட்கக்கூடிய தொகை எவ்வளவு என்று கண்டுபிடிக்க இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்கிறது அந்தத் தரம். ஒன்று, இன்று விற்றால் செலவு போகக் கைக்கு வருவது. இன்னொன்று, விற்காமல் வைத்துப் பயன்படுத்தினால் வரப்போவதன் இன்றைய மதிப்பு. இரண்டில் எது அதிகமோ அதுதான் அந்தச் சொத்தின் மதிப்பு.

இதை அப்படியே வைத்துப் பாருங்கள். மற்ற பேஸ்களுக்கு விற்பனை விலை அதிகம், அதனால் விற்கிறார். இந்த ஒன்றுக்குப் பயன்பாட்டு மதிப்பு அதிகம், அதனால் வைத்துக்கொள்கிறார். அதிலும் அந்தப் பயன்பாட்டு மதிப்பு அவர் ஒருவருக்கு மட்டுமே உள்ள மதிப்பு. வாங்குபவரின் கை வேறு, அவருக்கு அது வெறும் பழைய கிடார். இப்படி இருக்கும்போது இருவருக்கும் ஒத்துவரும் ஒரு விலை எப்படி வரும்? இதில் சென்டிமென்ட் எங்கே இருக்கிறது?

தரம் 26 இன்னொரு விஷயம் சொல்கிறது. ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்து என்று ஏட்டில் எழுதக் கூடாது. நற்பெயர் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. நம்பகமாக அளக்க முடியாது என்பதால்தான் விட்டுவிடுகிறார்கள். கைக்கும் கருவிக்கும் நடுவே வளர்ந்திருக்கும் பழக்கமும் அப்படித்தான். எந்த ஏட்டிலும் வராது. ஆனால் இருக்கிறது.

சந்தைக்கும் இது தெரியும் என்பதுதான் வேடிக்கை. ஜெடி லீ, மார்கஸ் மில்லர், ஜாகோ இவர்களின் பேஸ்களைப் பார்த்து அதே மாதிரி செய்து ஃபெண்டர் நிறுவனமே விற்றிருக்கிறது. வேண்டுமென்றே பெயின்டைச் சுரண்டி, மரத்தைத் தேய்த்து, பழசு மாதிரி ஆக்கி, புத்தம் புதியதை விட அதிக விலை வைக்கிறார்கள்! தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கும் ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கீறல் விழுந்த நேரத்தில் வாசித்த வாசிப்பை யாரும் விற்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "ஒலி விரலில்தான் இருக்கிறது, கட்டையில் என்ன இருக்கிறது? ஜாகோவிடம் எந்த பேஸைக் கொடுத்தாலும் ஜாகோ மாதிரிதான் கேட்கும்." உண்மைதான். ஃபங்க் மெஷினுக்கு முன்பே ஜேமர்சன் பேஸைத் திருட்டுக் கொடுத்தவர். அதனால் அவர் சங்கீதம் நின்றுவிடவில்லை.

ஆனால் வேறு கருவியில் வாசிக்க முடியும் என்பது ஒரு விஷயம், எந்தக் கருவியாக இருந்தாலும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம். நன்றாகச் சமைக்கத் தெரிந்த அம்மா எந்த வீட்டு அடுப்பிலும் தோசை சுடுவார். அதற்காகத் தன் வீட்டில் இருபது வருடம் பழக்கிய இரும்புத் தோசைக்கல்லைப் பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னால் போடுவாரா? எடைக்கு என்ன விலை வரும் என்று அவருக்கும் தெரியும். புதுக்கல் என்ன விலை என்றும் தெரியும். புதுக்கல்லில் முதல் மாதம் முழுக்கத் தோசை பிய்ந்து வரும் என்பதும் தெரியும். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் "போட மாட்டேன்" என்கிறார்.

பணம் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க ஒரே ஒரு உதாரணம் போதும். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் 500/1 என்ற வயலின் வடிவ பேஸை வாங்கினார். விலை சுமார் 30 பவுண்டு. ஃபெண்டர் வாங்கக் கையில் காசு இல்லை. இடது கைக்காரர் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அந்த வடிவம் அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நின்றிருந்த ஒரு வேனில் இருந்து அது திருடு போனது. அவரிடம் 1963-ஆம் ஆண்டு ஹாஃப்னர் ஒன்று இருந்தது. அதே கம்பெனி, அதே மாடல். பல பத்தாண்டுகளாக மேடையில் அதைத்தான் வாசித்தார். உலகத்தில் எந்த பேஸையும் விலை கேட்காமல் வாங்கக்கூடிய ஆள். இருந்தும், 2023-ல் அதைத் தேட ஒரு குழு கிளம்பி, இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது கிடைத்து, 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது உலகமே கொண்டாடியது. 2024 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் அதை அவர் மறுபடி மேடையில் வாசித்தார். 52 வருடம்! 30 பவுண்டு பொருளுக்கு.

காப்பீட்டுப் பாடத்தில் இழப்பீட்டுக் கொள்கை என்று ஒன்று படிப்போம். நஷ்டப்பட்டவரை நஷ்டத்துக்கு முன் இருந்த அதே நிலைக்குப் பணத்தால் கொண்டு வருவது. நல்ல கொள்கை. கார், கடைச் சரக்கு, கட்டடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இங்கே மட்டும் பொருந்தாது. ஜேமர்சனின் ஃபங்க் மெஷின் அவர் 1983 ஆகஸ்டில் 47-ஆவது வயதில் இறப்பதற்குச் சற்று முன் திருடு போனது. எந்தச் செக் எழுதியிருந்தால் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்திருக்க முடியும்?

இதுவரை சொன்னதெல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்குச் சரி. வாடகை கட்ட வேண்டியவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. இசைக்கலைஞர்களில் பெரும்பாலோர் மெக்கார்ட்னி கிடையாது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தப் பேஸ்தான் முதலில் கண்ணில் படும். விற்றுவிட்டவரைப் பார்த்து "அய்யோ, அதைப் போய் விற்றாயா?" என்று கேட்பது கொடுமை. உயிருக்கு முன் எந்தக் கட்டையும் பெரிதில்லை.

ஆனால் கடைசியாக விற்க வேண்டியது எது என்ற வரிசை முக்கியம். நம் நாட்டுச் சட்டத்திலேயே இந்த வரிசை இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்யக் கூடாத பொருள்களைப் பட்டியல் போடுகிறது. அதில் கைவினைஞரின் கருவிகளும் வரும். பேஸ் வாசிப்பவர் கைவினைஞரா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். அதன் பின்னால் இருக்கும் நியாயம் எளிமையானது: உளியைப் பிடுங்கிவிட்டால் தச்சர் கடனை எதைக் கொண்டு அடைப்பார்? கடன்காரருக்கே சட்டம் சொல்லும் இந்த நியாயத்தை, "சும்மா மூலையில் கிடக்கிறதே, விற்றால் என்ன?" என்று கேட்கும் வீட்டாரும் நண்பர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். வித்து முதல் கிடைத்தால் போதும் என்று விதைநெல்லைச் சாப்பிடச் சொல்வது மாதிரிதான் அது.

ஜாகோவின் கதை இங்கே திரும்ப வருகிறது. மனநோயும் போதையும் சேர்ந்து, 1986-ல் நியூயார்க் தெருக்களில் இருக்க இடமில்லாமல் திரிந்த காலத்தில், ஒரு பூங்காவில் அவருடைய பேஸ் திருடு போனது. 1987 செப்டம்பரில் 35-ஆவது வயதில் இறந்துபோனார். பேஸ் இல்லாததால்தான் இறந்தார் என்று சொல்வது சினிமா. வீடு, உடம்பு, பெயர் எல்லாம் போன வரிசையில் அதுவும் போனது என்பதுதான் உண்மை. 2006-ல் அது நியூயார்க்கில் ஒரு கடைக்கு வந்து சேர்ந்தது. 2008-ல் விஷயம் வெளியே வர, கடைக்கும் ஜாகோ குடும்பத்துக்கும் வழக்கு. கடைசியில் 2010-ல் மெட்டாலிக்கா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ தன் பணத்தைக் கொடுத்து அதை மீட்டார். ஜாகோவின் பிள்ளைகளும் அதை எடுத்து வாசிக்கலாம் என்பது ஏற்பாடு.

"விற்க மாட்டேன்" என்ற சொல்லுக்கு வாசிப்பவரின் ஆயுள்தான் கெடு. அதற்குப் பிறகு என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். த ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 2002-ல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கிடார்கள் அடுத்த வருடமே லண்டன் சதபி ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரிடம் போனால், அன்றே அந்தக் கருவியின் பயன்பாட்டு மதிப்பு செத்துவிடுகிறது. மிஞ்சுவது விற்பனை விலை மட்டும். தன் பேஸை விற்கவே மாட்டேன் என்கிறவர் செய்யக்கூடிய இன்னொரு நல்ல காரியம், தனக்குப் பின் அதை வாசிக்கப்போகிற ஒரு கையை இப்போதே பார்த்து வைப்பது.

உங்கள் நண்பர்களில் யாரிடமாவது அப்படி ஒரு பேஸ் இருக்கலாம். அடுத்த முறை போகும்போது விலை கேட்காதீர்கள். ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பி.கு.: கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 1971-ன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடலையும், ஜாகோவின் 1976 தட்டையும் தேடுங்கள். கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ஒன்றுமே கேட்கவில்லையே" என்று சொல்லக் கூடாது. ஹெட்போன் கட்டாயம்!